செம்மச்சமும் ஈரல் கட்டியும்

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, நம்மோடு வேலை பார்க்கும் தமிழ்ப் பண்டிதர் நம் வீட்டிற்கு வந்தார். கையில் ஒரு பெரிய பழுப்பு உறை. முகத்தில் ஈயாடவில்லை. வழக்கமாக வந்ததும் வராததுமாகக் காப்பி கேட்பவர், அன்று காப்பியைக் கொண்டு வந்து வைத்தும் தொடவில்லை.

"ஐயா, எனக்கு நாள் நெருங்கி விட்டது போலிருக்கிறது" என்றார்.

உறைக்குள் இருந்தது ஸ்கேன் அறிக்கை. பித்தப்பையில் கல் இருக்குமோ என்ற சந்தேகத்தின் பேரில் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். கல் இல்லை. ஆனால் கல்லீரலின் வலப் பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு 'ஹீமாஞ்சியோமா' இருக்கிறது என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பண்டிதர் யாரையோ கேட்டிருக்கிறார். "கட்டி" என்று பதில் கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவே வீட்டுப் பத்திரத்தை எடுத்து மூத்த மகனிடம் ஒப்படைத்து விட்டாராம்.

அதற்கு அடுத்த நாள் எதிர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்கள் வீட்டில் பேத்தி பிறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. குழந்தையின் இடக் கண் மேல் இமையில் சிவப்பாக ஒரு புடைப்பு, செம்பருத்தி மொட்டைப் போல. பிறந்தபோது மங்கலான ஒரு புள்ளியாகத்தான் இருந்ததாம். இரண்டு வாரத்தில் மேலெழும்பி விட்டதாம். "செம்மச்சம், அதிர்ஷ்டம்!" என்றார் பாட்டி. "தானாகப் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்றாள் குழந்தையின் தாய். அந்தச் செம்மச்சத்திற்கு வைத்திய சாஸ்திரத்தில் என்ன பெயர் தெரியுமா? அதுவும் ஹீமாஞ்சியோமாதான்.

பெயர் ஒன்று. ஒரு வீட்டில் அதைக் கேட்டு அடுப்பு மூட்டவில்லை. மற்றொரு வீட்டில் அதைக் கண்டு திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். ஆனால் உண்மை என்னவென்றால், பண்டிதர் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். எதிர் வீட்டார்தான் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். நாம் வைத்தியரல்லர், பள்ளிக்கூட வாத்தியார். எனினும் இந்த இரண்டு வீட்டு விஷயமும் பல வீட்டு விஷயமாக இருப்பதால், படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை வாசகர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெயரில் உள்ள குழப்பம்

நம் உடம்பில் ரத்தம் பெரிய குழாய்களில் புறப்பட்டு, சிறிய குழாய்களில் பிரிந்து, கடைசியில் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நுண்ணிய நாளங்களில் பாய்கிறது. இந்த ரத்தக் குழாய்கள் ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பெருகினாலோ, முறை தவறி விரிந்து முடிச்சிட்டுக் கொண்டாலோ, அந்த இடத்தில் ஒரு கட்டி தோன்றுகிறது. ஹீமா என்றால் ரத்தம். ஆஞ்சியோ என்றால் குழாய். ஓமா என்றால் கட்டி. எல்லாம் கிரேக்க பாஷை. ரத்தக் குழாய்களாலான கட்டி என்பதே முழுப் பொருள். இது புற்று நோயன்று. புற்று நோயைப் போல வேர் விட்டு மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதும் இல்லை.

ஆனால் வெகு காலம் வரையில் டாக்டர்களே இந்தப் பெயரைக் கண்ட கண்ட சிவப்புக்கெல்லாம் சூட்டி வந்தார்கள். 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த மல்லிகன், குளோவாக்கி என்ற இருவர், இவற்றை இரண்டு இனமாகப் பிரிக்க வேண்டும் என்று எடுத்துக் காட்டினார்கள். ஒன்று, உயிரணுக்கள் பெருகி வளரும் கட்டி. இது வளரும், பிறகு வாடும். மற்றொன்று, உருவாகும்போதே கோணலாக அமைந்துவிட்ட குழாய். இது வாடாது, இருந்தபடியே இருக்கும் அல்லது மெல்லப் பெருக்கும். குழந்தையின் தோலில் தோன்றும் செம்மச்சம் முதல் இனம். பெரியவர்களின் கல்லீரலில் தென்படுவதைப் பலர் இரண்டாம் இனத்தில் சேர்க்கிறார்கள். பெயர் மட்டும் பழைய பழக்கத்தால் ஒட்டிக் கொண்டிருக்கிறது. பண்டிதரின் ஈரலில் இருப்பதும் எதிர் வீட்டுக் குழந்தையின் இமையில் இருப்பதும் ஒரே விலாசத்தைப் போட்டுக் கொண்ட இரண்டு வேறு ஆசாமிகள்.

ஈரலில் இருப்பது

பெரியவர்களின் கல்லீரலில் உண்டாகும் தீங்கற்ற கட்டிகளில் மிகச் சாதாரணமானது இதுவே. இறந்தவர்களின் உடலைச் சோதித்துப் பார்த்த கணக்குகளில் 0.4 சதவீதம் முதல் 20 சதவீதம் வரையில் இது இருந்ததாகக் கூறப்பட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பலர் தம் ஈரலில் இப்படி ஒரு முடிச்சு இருந்ததென்று தெரியாமலே வாழ்ந்து முடித்தவர்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். முப்பது வயதிலிருந்து ஐம்பது வயதிற்குள் பெரும்பாலும் கண்ணில் படுகிறது. கண்ணில் படுகிறது என்றுதான் சொல்ல வேண்டுமே தவிர, நோய் காட்டுகிறது என்று சொல்லக் கூடாது. வேறு எதையோ தேடப் போன ஸ்கேன் இதைக் காட்டிக் கொடுக்கிறது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இது வெள்ளையான, ஓரம் தெளிந்த ஒரு வட்டமாகத் தெரியும். ஆரோக்கியமான ஒருவரின் ஈரலில் சிறிய அளவில் இப்படித் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் அதுவே போதும். ஐயம் இருந்தால் நரம்பில் மருந்து செலுத்தி, சி.டி. ஸ்கேனோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுக்கிறார்கள். அந்த மருந்து முதலில் கட்டியின் விளிம்பில் புள்ளி புள்ளியாக நின்று, பிறகு மெல்ல மெல்ல நடுவை நோக்கி நிறைகிறது. இந்த நடையைக் கண்டு கொண்டால் டாக்டருக்குச் சந்தேகம் தீர்ந்து விடுகிறது. ஊசியால் குத்திச் சதையை எடுத்துப் பார்க்கும் சோதனையைச் சாதாரணமாக இதற்குச் செய்வதில்லை. ரத்தக் குழாய்களாலான கட்டியைக் குத்தினால் ரத்தம் கசியக்கூடும் என்பதே காரணம்.

ஐரோப்பியக் கல்லீரல் வைத்தியர் சங்கம் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில், இலட்சணம் எல்லாம் பொருந்திய ஈரல் ஹீமாஞ்சியோமாவுக்கு மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்துக் கொண்டிருக்கத் தேவையில்லை என்று கூறியிருக்கிறது. கருத்தரிப்பதற்கும் தடையில்லை என்கிறது. இது புற்று நோயாக மாறுவதில்லை. தானாக வெடிப்பது மிக மிக அபூர்வம். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, வலியோ, சாப்பிட்டவுடன் வயிறு அடைத்துக் கொள்வதோ இருந்தால் அப்போது நிபுணரின் ஆலோசனை அவசியம். அவர்களிலும் சிலருக்குத்தான் அறுவை தேவைப்படுகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது: ஈரல் சுருக்க நோய் உள்ளவர், மஞ்சட் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் 'பி', 'சி' இரண்டில் ஒன்று உடம்பில் தங்கியவர், முன்பு புற்று நோய் கண்டவர் ஆகியோரின் ஈரலில் ஒரு புள்ளி தெரிந்தால், அது ஹீமாஞ்சியோமாதான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது, மேற்கொண்டு சோதித்தே தீர வேண்டும். இரண்டாவது: இதைக் 'கரைத்து' விடுவதாகச் சொல்லும் லேகியத்தையும் சூரணத்தையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். கரைக்க வேண்டிய அவசியம் இல்லாததைக் கரைக்கப் போய், இன்னதென்று தெரியாத மருந்தால் நல்ல ஈரலைக் கெடுத்துக் கொண்டவர்கள் உண்டு.

பண்டிதர் இவற்றையெல்லாம் கேட்டுக் கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சட்டைப் பொத்தானைக் கழற்றி, மார்பில் இருந்த மூன்று நான்கு சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். "உள்ளே இருப்பது வெளியே பூத்து விட்டதோ?" என்றார். கடுகளவு, மிளகளவில் குங்குமத்தைத் தொட்டு வைத்தாற்போலிருக்கும் இந்தப் புள்ளிகளும் ரத்தக் குழாய்களின் பெருக்கமே. முப்பது வயதுக்கு மேல் வயது ஏற ஏறப் பலருக்கு இவை தோன்றும். 19-ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்த காம்பெல் டி மார்கன் என்ற அறுவை வைத்தியர், இவற்றுக்கும் புற்று நோய்க்கும் தொடர்பு உண்டென்று எண்ணினார். அந்த எண்ணம் பிற்காலத்தில் நிற்கவில்லை. அவருடைய பெயர் மட்டும் புள்ளிகளுக்கு நின்றுவிட்டது. ஈரலில் உள்ள முடிச்சுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. நடுவில் ஒரு புள்ளியும் சுற்றிலும் சிலந்திக் கால் போன்ற கோடுகளுமாக மார்பிலும் முகத்திலும் பல தோன்றினால் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது வேறு ஜாதி. கர்ப்ப காலத்திலும் வரும். ஈரல் நலிந்தாலும் வரும்.

இமையில் இருப்பது

இனி எதிர் வீட்டிற்கு வருவோம்.

நூறு குழந்தைகளில் நான்கைந்து குழந்தைகளுக்குச் செம்மச்சம் உண்டாகிறது. பெண் குழந்தைகளுக்கும், மாதம் நிறையாமலும் எடை குறைவாகவும் பிறந்த குழந்தைகளுக்கும் அதிகம். பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. அல்லது வெளிறிய தழும்பு போல, இலேசான சிவப்புப் போல இருக்கும். சில வாரங்களுக்குள் மளமளவென்று வளரத் தொடங்கும். முதல் மூன்று மாதங்களில்தான் வேகம் அதிகம். ஐந்து மாதம் ஆவதற்குள் வளர வேண்டியதில் பெரும் பகுதி வளர்ந்து விடும். ஒரு வயதை ஒட்டி வாடத் தொடங்கி, சிவப்பு சாம்பலோடி, மென்மையாகிச் சுருங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதுக்குள் சுருங்க வேண்டியது சுருங்கி விடுகிறது. சிலருக்குத் தொளதொளத்த தோலோ தழும்போ மிஞ்சும்.

ஆகவே "தானாகப் போய்விடும்" என்ற வார்த்தை பொய்யன்று. முதுகிலோ, கையிலோ, வயிற்றிலோ உள்ள சிறு மச்சத்துக்கு அதுவே சரியான வைத்தியம். ஆனால் அந்த வார்த்தை எல்லா இடத்துக்கும் செல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். புத்திசாலி. பந்து விளையாட்டில் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து வரும் பந்தைத் தவற விடுவான். பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தபோது வலக் கண்ணை மூடச் சொன்னார்கள். கரும்பலகையில் எழுத்து இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவன் தாயார் வந்து அழுதாள். கைக் குழந்தையாக இருந்தபோது இடக் கண் இமையில் சிவப்பாக ஒரு கட்டி இருந்ததாம். தானாகப் போய்விடும் என்று விட்டு விட்டார்களாம். அது சொன்ன சொல் தவறாமல் தானாகவே போயிற்று. அவன் முகத்தில் அதன் சுவடுகூட இல்லை. பார்வைதான் வரவில்லை.

காரணம் இது. குழந்தை பிறந்தவுடனே பார்க்கத் தெரிந்து கொண்டு விடுவதில்லை. கண் அனுப்பும் உருவங்களைக் கொண்டு மூளை பார்வையைப் பயில்கிறது. கட்டியின் பாரத்தால் இமை தொங்கிக் கண்ணை மறைத்தாலும், கட்டி கருவிழியை அழுத்தி வடிவைக் கோணலாக்கினாலும், மூளை அந்தக் கண்ணை நம்புவதை விட்டு மற்றொரு கண்ணைக் கொண்டே பயின்று விடுகிறது. பாடம் படிக்க வேண்டிய பருவம் கடந்த பிறகு கட்டி போனால் என்ன, இருந்தால் என்ன? அந்தப் பையனைக் காணும் வரையில் "தானாகப் போய்விடும்" என்ற ஆறுதலை நாமும் சில வீடுகளில் தாராளமாக வழங்கியிருக்கிறோம். அதை இங்கே ஒப்புக் கொள்கிறோம்.

கண்ணைப் போலவே கவனிக்க வேண்டிய வேறு இடங்களும் உண்டு. மூக்கிலும் உதட்டிலும் வந்தால் உருவம் சிதையும். பால் குடிப்பதற்கும் இடைஞ்சலாகும். தாடையிலும் கழுத்திலும் தாடி போலப் படர்ந்தால், தொண்டைக்குள்ளும் ஒன்று வளர்ந்து மூச்சை அடைக்கக் கூடும். மூச்சு விடும்போது கரகரவென்று ஓசை கேட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகத்தில் அகலமாகப் பரவியதும், இடுப்பின் பின்புறம் முதுகெலும்பின் மேல் அமைந்ததும் சோதனைக்கு உரியவை. உதட்டிலும் அரையிலும் உள்ளவை புண்ணாகி ரத்தம் கசியலாம். கசிந்தால் பதற வேண்டாம். சுத்தமான துணியை வைத்துச் சிறிது நேரம் எடுக்காமல் அழுத்தினால் பெரும்பாலும் நின்று விடும். பிறகு டாக்டரிடம் காட்ட வேண்டும். காப்பித் தூள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்ப வேண்டாம்.

தோலையும் ஈரலையும் இணைக்கும் கண்ணி ஒன்றும் இங்கே உண்டு. கைக் குழந்தையின் தோலில் ஐந்தோ அதற்கு மேலோ செம்மச்சங்கள் இருந்தால், ஈரலிலும் அதே இனக் கட்டிகள் இருக்கின்றனவா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். குழந்தையின் ஈரலில் இவை பலவாக இருந்தால் பெரியவர் ஈரலில் உள்ளதைப் போல் சும்மா இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏராளமான ரத்தத்தை இழுத்துக் கொண்டு இருதயத்தைக் களைப்படையச் செய்யலாம். தைராயிடு சுரப்பி தரும் சத்தைச் சிதைத்து விடவும் கூடும். எண்ணிப் பார்க்க ஒரு தாய்க்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. குளிப்பாட்டும்போது எண்ணி விடலாம்.

போர்டோ நகரத்துச் செய்தி

முன்காலத்தில் இக் கட்டிகளுக்கு ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து வந்தார்கள். பலன் இருந்தது; தொல்லையும் இருந்தது. பிரான்ஸ் தேசத்தில் போர்டோ நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு மூக்கில் பெரிய கட்டி. ஸ்டீராய்டு கொடுத்ததில் இருதயச் சதை தடித்து விட்டது. அந்த இருதயத்துக்காகப் பிரொப்ரானலால் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அடுத்த நாள் பார்த்தால், மூக்கிலிருந்த கட்டியின் கடுஞ்சிவப்பு மாறி, தொட்டால் மென்மையாக இருந்தது! இருதயத்துக்குக் கொடுத்த மருந்து மூக்கிலும் வேலை செய்திருக்கிறது. லியோதே லப்ரேஸ் என்ற பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும் மேலும் பல குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, மொத்தம் 11 குழந்தைகளின் விவரத்தை 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

அந்த மருந்து அப்போதே பழைய மருந்து. ஸ்காட்லாந்து தேசத்தவரான ஜேம்ஸ் பிளாக் நெஞ்சு வலிக்காக 1960-களில் உருவாக்கியது. அத்தகைய பணிகளுக்காக 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குழந்தைகளின் செம்மச்சத்துக்கு அது உதவும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். 2015-இல் வெளியான பெரிய பரிசோதனையில், ஆறு மாதம் இம் மருந்து உண்ட குழந்தைகளில் 60 சதவீதத்தினருக்குக் கட்டி முற்றிலுமோ ஏறக்குறைய முற்றிலுமோ மறைந்தது. மருந்தில்லாத வெறும் திரவம் உண்டவர்களில் 4 சதவீதத்தினருக்குத்தான் அவ்வாறு ஆயிற்று. மெல்லிய சிறு மச்சங்களுக்கு டிமலால் என்ற கண் சொட்டு மருந்தை மேலே தடவச் சொல்வதும் உண்டு.

ஆனால் இதை நாமே கடையில் வாங்கிக் கொடுக்கலாகாது. குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று குறையலாம். நாடித் துடிப்பு தளரலாம். இழுப்பு உள்ள குழந்தைக்கு மூச்சு முட்டலாம். அதனால் பால் கொடுத்த கையோடு மருந்து கொடுக்க வேண்டும். குழந்தை பால் குடிக்காத நாளில் மருந்தை நிறுத்தி வைத்து டாக்டரைக் கேட்க வேண்டும். கட்டி வேகமாக வளரும் முதல் மாதங்களே மருந்து நன்றாகப் பலிக்கும் காலம். ஆபத்தான இடத்தில் மச்சம் இருந்தால் குழந்தைக்கு ஒரு மாதம் நிறைவதற்குள் நிபுணரிடம் காட்டுவது உத்தமம்.

தாயின் மேல் பழி வேண்டாம்

கடைசியாக ஒன்று. முகத்தில் பிறக்கும்போதே தட்டையாக, கருஞ்சிவப்புத் திராட்சை ரசம் கொட்டியது போன்ற கறையுடன் சில குழந்தைகள் பிறக்கின்றன. சோவியத் ரஷ்யாவின் கடைசித் தலைவர் கோர்பசேவின் நெற்றியில் இருந்தது அத்தகையதே. இது வளர்ந்து வாடும் செம்மச்சமன்று. ஆயுள் முழுதும் இருக்கும். லேசர் ஒளியால் மங்க வைக்கலாம். நெற்றியிலும் மேல் இமையிலும் இருந்தால் கண்ணையும் மூளையையும் சோதிக்க வேண்டும். கருவில் உயிரணு ஒன்றில் நேரும் சிறு மாறுதலே இதற்குக் காரணம் என்று 2013-இல் கண்டறிந்திருக்கிறார்கள்.

செம்மச்சமாயினும் சரி, இந்தக் கறையாயினும் சரி, கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்ததால் உண்டாவதில்லை. அவள் எதையோ ஆசைப்பட்டுத் தின்றதாலும் உண்டாவதில்லை. பச்சை உடம்புக்காரியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நேரத்தில், குழந்தையை எடுத்துக் கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போய்த் திரும்பி விடலாம்.

எதிர் வீட்டார் அந்த வாரமே போனார்கள். முதலில் பாட்டி சம்மதிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பையனின் கதையைச் சொன்ன பிறகு, பாட்டியே குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டு முன்னால் நடந்தார். கண் டாக்டரும் குழந்தை டாக்டரும் சேர்ந்து பார்த்து மருந்து தொடங்கினார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் போயிருந்தபோது புடைப்பு இறங்கி, இமை நன்றாகத் திறந்திருந்தது. நம் மூக்குக் கண்ணாடியை இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்த்துவிட்டு, அதைப் பிடுங்கக் கையை நீட்டியது குழந்தை.

பண்டிதர் வீட்டுப் பத்திரத்தை மகனிடமிருந்து திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்து விட்டார். பழுப்பு உறையில் இப்போது காலாண்டுப் பரீட்சைத் தாள்கள் இருக்கின்றன.